ஊடுவாசல்

சுந்தரபாண்டியோடு நான் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு அறுபத்து மூன்று வயது, எனக்கு அறுபத்தொன்று. பிறந்ததிலிருந்து அடுத்தடுத்த வீடு. நடுவில் இருப்பது இரண்டடி கனத்தில் ஒரு சுவர் மட்டும்தான். ஆனாலும் அவர் வீட்டு ஏசித் தண்ணீர் என் வாசலில் சொட்டினால்கூட, மூன்றாவது ஆள் ஒருத்தர் வந்து நின்றால்தான் நான் வாயைத் திறப்பேன். "அவுகள அந்தக் குழாயத் திருப்பி விடச் சொல்லுங்க" என்று அந்த ஆளிடம் சொல்வேன். அவரும் அதே ஆளைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு வேற சோலி இல்லையான்னு கேளுங்க" என்பார். ஆள் கிடைக்காத நாளில் தெருவில் நிற்கிற ஆட்டோவைப் பார்த்துப் பேசுவோம். மரியாதைக்காக இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். மனசுக்குள் 'அவன்'தான்.

எங்கள் குடியிருப்புக்குப் பெயர் பன்னிரண்டு வீட்டுப் பேட்டை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷம். பேக்கரி, செல்போன் கடை, விசைத்தறிக் கூடம் எல்லாம் சுற்றி வளைத்துக்கொண்டதால் இன்று நட்டநடு ஊராகிவிட்டது. கட்டின காலத்தில் ஊரை விட்டு அரை மைல் தள்ளி, கரிசல் காட்டுக்குள் தனியாக நின்றிருக்கிறது. அப்படித் தள்ளிப் போய்க் கட்டியதற்குக் காரணம் உண்டு.

தாது வருஷத்துப் பஞ்சத்தோடு காலராவும் வந்தபோது, பஞ்சும் நூலும் வியாபாரம் செய்த எங்கள் ஆட்கள் பழைய ஊரின் சந்துகளுக்குள் ஒருவர் முதுகில் ஒருவர் இடிக்கிற மாதிரி நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். நோய் வந்ததும் அவனவன் தன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஒரு வீட்டில் ஐந்து பேர் செத்துக் கிடந்தது நாலு நாள் கழித்து நாற்றம் எடுத்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் கேட்டு அவர்கள் சுவரைத் தட்டியது காதில் விழுந்ததாம். விழுந்தும் யாரும் போகவில்லை. பிழைத்துக் கிடந்த பன்னிரண்டு குடும்பம், நாலு வருஷம் கழித்து, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றில் இந்தப் பேட்டையைக் கட்டியது.

கரிசலில் வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும். மேலே நிற்கிற சுவரையும் சேர்த்துப் பிளந்துவிடும். பத்தடி ஆழத்துக்குக் கரிசலைத் தோண்டி வெளியே கொட்டி, குண்டாற்று மணலை வண்டி வண்டியாக அடித்துக் குழியை நிரப்பி, அதன் மேல்தான் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வீடும் ஒரே வரிசை. வீட்டுக்கு வீடு தனித்தனிச் சுவர் கிடையாது, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பொதுச்சுவர். செங்கல், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரில் அரைத்த சுண்ணாம்பு. இந்த வீட்டு உத்தரம் இந்தப் பக்கமிருந்தும் அந்த வீட்டு உத்தரம் அந்தப் பக்கமிருந்தும் வந்து அதே சுவரில் உட்காரும். எல்லாம் பர்மாத் தேக்கு. ஒரு வீட்டு முகப்பு இன்னொரு வீட்டு முகப்பைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருக்காது. உயர்த்தக் கூடாது என்று பேசிக்கொண்டு கட்டினார்கள்.

இதையெல்லாம் எந்தப் பணக்காரத் தெருவிலும் பார்க்கலாம். எங்கள் பேட்டையில் மட்டும் உள்ளது ஊடுவாசல். ஒவ்வொரு பொதுச்சுவரிலும், முற்றத்துக்குப் பின்னால் வரும் இரண்டாம் கட்டில், நாலரை அடி உயரமே உள்ள ஒரு சின்ன வாசல். குனிந்துதான் நுழைய வேண்டும். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. முதல் வீட்டில் புறப்படுகிற பொம்பளை தெருவில் கால் வைக்காமல் பன்னிரண்டாம் வீடு வரை போய் வரலாம். உறவு கொண்டாடுவதற்காக வைத்ததல்ல அது. ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் அடுத்த வீட்டார் கேட்காத மாதிரி இருக்க முடியாதபடி வைத்தது. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பத்திரம் பேட்டைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வருஷா வருஷம் பங்குனிப் பொங்கலன்று மாரியம்மன் கோவில் முன்னால் அதைச் சத்தமாக வாசிப்பார்கள். 'எந்த முகாந்திரத்தாலும் ஊடுவாசலை அடைத்தவன் அந்தச் சுவரில் தன் பாத்தியத்தை இழந்தவனாவான்' என்ற வரி வரும்போது கூட்டம் எங்கள் இரண்டு வீட்டையும் ஒரு பார்வை பார்க்கும்.

ஏனென்றால் பேட்டையிலேயே கல் வைத்து அடைத்த ஊடுவாசல் ஒன்றே ஒன்றுதான். ஏழாம் வீடான எனக்கும் எட்டாம் வீடான சுந்தரபாண்டிக்கும் நடுவில் இருப்பது. நான் பிறந்த வருஷம், சித்திரையில், எட்டாம் வீட்டில் பெரியம்மை கண்டு சுந்தரபாண்டியின் தாயார் இறந்துபோனார். வாசல் அடைபட்டது அப்போதுதான். அதில் இரண்டு வீட்டுக்கும் சந்தேகமில்லை. அடைத்தது யார் என்பதில்தான் தகராறு.

என் அப்பா சொன்ன கதை இது. எட்டாம் வீட்டில் அம்மை என்று கேள்விப்பட்டதும் எங்கள் தாத்தா வெள்ளத்துரை கஞ்சியும் இளநீரும் வேப்பிலையும் கொடுத்துவிட்டாராம். அந்த வீட்டுக்காரர்கள் பெரிய கௌரவம் பார்த்து, எங்கள் வீட்டு நோயை எவரும் வேடிக்கை பார்க்க வேண்டாம் என்று ராவோடு ராவாகக் கல்லை வைத்து அடைத்துக்கொண்டார்களாம். "நாம போனோம். அவங்க தொறக்கல" என்பார் அப்பா. சொல்லும்போதெல்லாம் குரல் கம்மும். அப்பேர்ப்பட்ட மனிதரை மதிக்கத் தெரியாத கூட்டம் என்று எட்டாம் வீட்டின் மேல் எனக்குச் சின்ன வயதிலேயே ஆத்திரம் ஏறிவிட்டது. அது இறங்கவே இல்லை. நானும் இறக்க முயலவில்லை.

போன தை மாசம் சுந்தரபாண்டி தன் வீட்டை இடித்துவிட்டு ஏசி கல்யாண மகால் கட்டப் போவதாக வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஏற்கனவே வரிசையின் கடைசி நாலு வீடு போய்விட்டது. அவர்கள் அண்ணன் தம்பிகள், பேசிக்கொண்டு இடித்தார்கள். இது அப்படியல்ல. பொதுச்சுவரை எடுத்தால் என் வீட்டு ஐந்து உத்தரங்களின் ஒரு நுனி அந்தரத்தில் நிற்கும். இரண்டாம் கட்டு விழும், அது முன்கட்டை இழுக்கும். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷமாக நான் அந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். கோயம்புத்தூரில் மகள் சுகப்பிரியா, "வித்துட்டு வாம்மா" என்கிறாள். அவள் வீட்டில் ஒரு வாரம் விருந்தாளியாக இருக்கலாம். எட்டாம் நாள் மாப்பிள்ளைக்கும் எனக்கும் முட்டிக்கொள்ளும். என் வாயை எனக்குத் தெரியும். எனக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கில்லை. அதுதான் நிஜம்.

நகராட்சியில் பொதுச்சுவர் விவகாரத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். மாசி முதல் வாரம் பேட்டைச் சங்கம் கூடியது. தலைவர் இருளப்பசாமி நடு நாற்காலியில். நான் இந்தப் பக்கம், சுந்தரபாண்டி அந்தப் பக்கம்.

"தலைவரே, பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? அடைச்சவனுக்குச் சுவத்துல பாத்தியம் இல்ல. அடைச்சது வெள்ளத்துரை வீடு. இதுல பேச்சு என்ன வேண்டிக் கெடக்கு?" என்றார் சுந்தரபாண்டி.

"எங்க தாத்தா கஞ்சி குடுத்துவிட்டாரு தலைவரே. குடிக்கத் துப்பில்லாம அடைச்சது அவுக வீடு. அதச் சொல்லச் சொல்லுங்க."

"கஞ்சியா? தலைவரே, அந்தம்மா பொறந்தே இருக்கல. யாரு கஞ்சி ஊத்துனத இவுக பாத்தாக?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. எழுந்து நின்றேன்.

"அடைச்ச கல்லு அங்கேயேதான இருக்கு? தொறந்து பாருங்க. எங்க வீட்டுல அடைச்சிருந்தா சுவரு முழுசும் அவுகளுக்கு. என் உத்தரத்த நானே கழட்டிக்கிறேன். அவுக வீட்டுல அடைச்சிருந்தா, சுவத்துல சுண்டுவிரலு படக் கூடாது, மகாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எழுதுங்க தலைவரே, கையெழுத்துப் போடுறேன்."

யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. வலியப் போய்க் கையெழுத்துப் போட்டேன். சுந்தரபாண்டியும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கடித்துக் கழற்றி, கையெழுத்துப் போட்டார்.

கல்லைப் பார்த்துச் சொல்ல எம்.ரெட்டியபட்டி பால்சாமி கொத்தனாரை வரச் சொன்னார்கள். பழைய சுண்ணாம்புக் கட்டிடத்தில் கை வைக்கத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான். எதை வைத்துச் சொல்வீர்கள் என்று தலைவர் கேட்டதற்கு அங்கேயே விளக்கினார்.

"கல்லு வைக்கிறவன் எந்தப் பக்கம் நின்னானோ, அந்தப் பக்கம் பிதுங்குற சுண்ணாம்புக் காரையக் கரண்டியால வழிச்சு விட்டுருவான்யா. கல்லுக்குக் கல்லு இடுக்கு வழவழன்னு இருக்கும். அந்தாண்டப் பக்கம் அவனுக்குக் கை எட்டாதுல்ல? காரை பிதுங்குன மேனிக்கே தொங்கிக் காஞ்சுரும். எத்தன வருசமானாலும் மாறாது." வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாகப் பேச்சு.

புதன்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்தின் மேல் அப்பா எண்பத்தாறில் சிமெண்டு பூசி, கண்ணாடி ஷோகேஸ் ஒன்றை அடித்து வைத்திருந்தார். மகளுடைய பள்ளிக்கூடக் கோப்பைகள், பிளாஸ்டிக் தாஜ்மகால், கல்யாணத்துக்கு வந்த கடிகாரங்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் போட்டேன். ஷோகேஸின் திருகாணிகளைக் கழற்றினேன். சிமெண்டுப் பூச்சைத் தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்டது. சுண்ணாம்பு வெள்ளையைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள், பிடிக்கவே இல்லை. கடப்பாறை நுனியால் ஒரு நெம்பு நெம்பியதும் தோசை மாதிரி பெயர்ந்து வந்தது.

உள்ளே கல் வரிசை தெரிந்தது. வெள்ளையைத் துணியால் துடைத்துவிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரலை ஓட்டினேன்.

வழவழ என்று இருந்தது.

மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை, எங்கே தொட்டாலும் அப்படித்தான். கரண்டி போன தடம்கூட இடமிருந்து வலமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குள் நின்றுகொண்டு, அவசரப்படாமல், ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான் கொத்தன்.  அப்பாவை நினைத்தேன். அவர் குரல் கம்மியதை நினைத்தேன். பிறகு வெள்ளிக்கிழமை சுந்தரபாண்டி முகத்தில் வரப்போகிற சிரிப்பை நினைத்தேன். அந்தச் சிரிப்பு மனசில் வந்ததும் மற்றதெல்லாம் பறந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு இடுக்கிலும் காரையைக் குத்திக் கரடுமுரடாக்கினேன். சாயங்காலம் வரை குத்தினேன். கை கொப்புளித்தது. பிறகு முற்றத்துப் புழுதியை ஈரத்துணியில் தொட்டு, புதுக் குத்தல் தெரியாதபடி தேய்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். படிப்பு வாசனை இல்லாத ஆள் செய்தாலாவது பரவாயில்லை. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கை இது.

வெள்ளிக்கிழமை தலைவரும் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். சுந்தரபாண்டி என் வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டார். பால்சாமி உள்ளே வந்து, குனிந்து, ஒரு இடுக்கில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று புதுச் சுண்ணாம்பு மாவு ஒட்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கொப்புளித்த கையை நான் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவர் காட்டிக்கொடுக்கவில்லை. "இந்தப் பக்கம் மட்டும் பாத்துச் சொல்ல முடியாதுய்யா. அந்தப் பக்கமும் பாத்துருவோம்" என்றார்.

"அவுக பக்கம் எதுக்கு? இதப் பாத்தாப் போதாதா?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"வந்து பாக்கட்டும் தலைவரே. எங்க வீட்டுல மறைக்க ஒண்ணுமில்ல" என்றது வாசலிலிருந்து குரல்.

எட்டாம் வீட்டுக்குள் அன்றுதான் முதன்முதலாகக் காலை வைத்தேன்.  என் வீட்டைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. அதே தூண், அதே முற்றம், அதே மரப்படி. எனக்கு இடது கைப் பக்கம் இருப்பது அங்கே வலது கைப் பக்கம். இருட்டில் விட்டால்கூட நான் அந்த வீட்டில் நடந்துவிடுவேன். நான் காலமெல்லாம் வெறுத்த வீடு என் வீடுதான் என்று அப்போது தோன்றியது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாம் கட்டு அறையில் சுந்தரபாண்டியின் அக்கா சோலையம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. தெருவில் அவரை நான் பார்த்ததே ஐந்தாறு தடவைதான் இருக்கும். ஊடுவாசல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மர பீரோ நின்றது.

"அத நகட்டாதீக" என்றார் சோலையம்மாள்.

"ஒரு நிமிசம்க்கா. கல்லப் பாத்துட்டுப் போயிருவாக."

"நகட்டாதன்னு சொல்றேன்ல?"

சுந்தரபாண்டி அக்காவின் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஜெயிக்கப் போகிற அவசரம் அவருக்கு. இரண்டு பேராக பீரோவைத் தள்ளினார்கள். பின்னால் அந்தச் சின்னக் கதவு இருந்தது, அவர்கள் பக்கத்துக் கதவு, கழற்றாமல் அப்படியே. பால்சாமி இழுத்ததும் முனகிக்கொண்டு திறந்தது. சுவரின் கனத்தில் முக்கால்வாசி வெறும் பொந்து. அதன் கோடியில் கல். பால்சாமி செல்போன் லைட்டை அடித்தார்.

காரை பிதுங்கித் தொங்கியபடியே காய்ந்திருந்தது. கட்டி கட்டியாக, வழித்துவிட ஆளில்லாமல். அடைத்தவன் எங்கள் பக்கம் நின்றவன். அதைச் சொல்லக் கொத்தனார்கூடத் தேவையில்லை. ஆனால் பால்சாமி அதைச் சொல்லவில்லை. லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அப்படியே நிறுத்திவிட்டார்.

"தலைவரே, இங்க பாருங்க" என்றார்.

என் இடுப்பு உயரத்தில், பிதுங்கின காரையெல்லாம் நசுங்கியிருந்தது. நசுங்கின இடத்திலெல்லாம் கை. சின்னக் கை. ஐந்து விரலும் உள்ளங்கையும் பதிந்த தடம். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு இருக்கும். சிலதில் விரல்கள் கீழே வரைக்கும் இழுபட்டிருந்தன. காரை ஈரமாக இருந்தபோது ஒரு பிள்ளை இந்தப் பக்கமிருந்து கல்லைத் தள்ளியிருக்கிறது.

 எல்லாரும் திரும்பிச் சோலையம்மாளைப் பார்த்தோம்.

"என்ன பாக்கீக? என் கைதான். ஒம்பது வயசு எனக்கு" என்றார். "எனக்கும் எங்கம்மாவுக்கும் சேந்து கண்டுருச்சு. அம்மாவுக்குத் தண்ணி தண்ணின்னு நாக்கு இழுக்குது. இந்த வாசலு வழியாப் போயி வெள்ளத்துரை வீட்டுல தண்ணி கேப்போம்னு கதவத் தொறந்தா, கல்லு வச்சிக்கிட்டு இருக்காக. முக்காவாசி வச்சாச்சு. நான் தள்ளுனேன்."

"எனக்கு ஏங்க்கா சொல்லல?" சுந்தரபாண்டியின் குரல் மாறியிருந்தது. "அறுவது வருசமா இவுககூட மல்லுக் கட்டுறேன். அடைச்சது அவுகதான்னு நம்ம ஐயா சொன்னாரே ஒழிய, நீ அங்க நின்னது எனக்குத் தெரியாதே!"

"நீ கேட்டியாடா? சுவரு யாருதுன்னு கேட்டீக, உத்தரம் யாருதுன்னு கேட்டீக. உள்ள கெடந்தது யாருன்னு எவன் கேட்டான்?" சோலையம்மாள் தம்பியை முறைத்தார். "ஐயா எங்க இருந்தாருன்னு தெரியுமா ஒனக்கு? ஒரு வயசுப் பிள்ள, ஒன்னத் தூக்கிக்கிட்டு மல்லாங்கிணறுக்குப் போயிட்டாரு. வெளிக்கதவப் பூட்டிட்டுப் போனாரு. அம்மா காரியத்துக்குத்தான் வந்தாரு. இதையும் கேட்டுக்க."

சுந்தரபாண்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது, தோற்றுப்போன முகம். பார்த்தேன். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

சோலையம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நான் தள்ளத் தள்ள, கல்லு அந்தாண்ட சாயணுமா இல்லையா? சாயல. அந்தப் பக்கமிருந்து ஒரு ஆளு ரெண்டு கையாலயும் அணச்சிப் பிடிச்சிருந்தாரு. உங்கப்பாதான். மேல இருந்த இடுக்கு வழியா மொகம் தெரிஞ்சது. அழுதுக்கிட்டே பிடிச்சிருந்தாரு. 'பிள்ளத்தாச்சி இருக்காத்தா, போயிருத்தா, போயிருத்தா'ன்னு எங்கிட்டக் கெஞ்சுனாரு. உங்கம்மா வயித்துல அப்ப நீ இருந்த."

நான் பிறந்தது அந்த ஆவணியில். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அம்மை கண்டால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்பது எனக்குத் தெரியும். அப்பா வேறு என்ன செய்திருக்க முடியும் என்று மனசு உடனே வக்காலத்துக்கு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு அடைத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. கஞ்சி கொடுத்தோம் என்று எனக்குக் கதை சொன்னார். அந்தக் கைக்கு மேல் சிமெண்டு பூசி, தாஜ்மகாலை வைத்தார்.

"விடியுற வரைக்கும் தள்ளிக்கிட்டு இருந்தேன்" என்றார் சோலையம்மாள். "அதுக்கப்புறம் அம்மா தண்ணி கேக்கல."

தலைவர் இருளப்பசாமி நாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று நானே பேசினேன். சுந்தரபாண்டியை நேராகப் பார்த்து, பிறந்து அறுபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக.

"சுவரு உங்களுது. எங்க வீட்டுலதான் அடைச்சிருக்காக. புதன்கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சு, காரையக் குத்தி மாத்தப் பாத்தேன். பால்சாமி கண்டுபிடிச்சிட்டு எம்மானத்த வாங்காம விட்டாரு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்துத்தான் சொன்னார். "ஆனி பொறந்ததும் இடிக்கப் போறேன். அந்தம்மாவ அதுக்குள்ள உத்தரத்தக் கழட்டிக்கச் சொல்லுங்க."

 நான் தவணை கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அவர் நல்லவராக மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை? அவரை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் வீடு அவரால் போகவில்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றிய கல், இத்தனை வருஷம் கழித்து என் வீட்டை வாங்கிக்கொண்டது. மகளுக்குப் போன் செய்து வருவதாகச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அந்தக் கல் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எப்படியும் ஆனியில் இயந்திரம் வந்து இடிக்கப் போகிற சுவர். அதுவரைக்கும் அது அப்படியே நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்பா பிடித்துக்கொண்டிருந்த கல்லை அவர் மகளாவது எடுக்க வேண்டும் என்று பட்டது. கடுக்காய்ச் சுண்ணாம்பு லேசில் விடுமா? முதல் கல்லை அசைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மேல் இரண்டு வரிசையை எடுத்ததும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

அங்கே கதவு திறந்திருந்தது. பீரோவைத் திரும்ப இழுத்து வைக்கவில்லை. சோலையம்மாள் வந்து குனிந்து, பொந்து வழியாக என்னைப் பார்த்தார். தழும்பு விழுந்த அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"என்ன பண்ற?"

"எங்க வீட்டுல அடைச்சத எடுக்கேங்க்கா."

என் கையையும், நான் அடுக்கி வைத்திருந்த கற்களையும் பார்த்தார்.  ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. திட்டினால்கூடப் போதும்.

"எங்கம்மா தண்ணி கேட்டப்ப எடுத்திருக்கணும்" என்றார்.

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நான் மத்தியானம் வரை இருந்து மிச்சக் கல்லையும் எடுத்து முடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் திறக்கவில்லை.